ஆபரேஷனுக்கு வைத்திருந்த பணம்

கேள்வி: ஐயா, என் கணவருக்கு வேலை போய் ஏழு மாதமாகிறது. மாமியாரின் கண் ஆபரேஷனுக்கென்று சேர்த்து வைத்திருந்த பணத்தை, ஒரு கன்வென்ஷனில் "விதை விதையுங்கள், கர்த்தர் பல மடங்காகத் தருவார்" என்று ஊழியர் சொன்னதும் காணிக்கையாகப் போட்டுவிட்டேன். வீட்டில் யாருக்கும் தெரியாது. தேதி நெருங்குகிறது; பல மடங்கு வரவில்லை. என் விசுவாசம் போதவில்லையா? இனி மாதாமாதம் எவ்வளவு கொடுப்பது?
— ஒரு வாசகி

பதில்: சகோதரி, உங்கள் விசுவாசத்தில் குறை இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. குறை உங்களுக்குச் சொல்லப்பட்ட கணக்கில் இருக்கிறது.

"கொடுங்கள், அப்பொழுது உங்களுக்கும் கொடுக்கப்படும்" என்ற லூக்கா 6:38-ஐத்தான் அங்கே வாசித்திருப்பார்கள். மூன்று வசனம் மேலே போய்ப் பாருங்கள்: "கைம்மாறு கருதாமல் கடன் கொடுங்கள்." திரும்ப வருமா என்று பார்க்காதே என்று சொன்ன வாயிலிருந்து வந்த வாக்கைத்தான் வட்டிக் கணக்காக்கி வைத்திருக்கிறோம்.

சாறிபாத் ஊர் விதவையின் கதையையும் சொல்லாமல் விடமாட்டார்கள். பஞ்ச காலத்தில் கடைசிப் பிடி மாவை எலியா தீர்க்கதரிசிக்குக் கொடுத்தாள், சரி. ஆனால் அவளுக்குக் களஞ்சியம் நிரம்பியதாக 1 இராஜாக்கள் 17-ல் எங்கேயும் இல்லை. பானையில் மா தீரவில்லை, கலசத்தில் எண்ணெய் குறையவில்லை, அவ்வளவுதான். ஒவ்வொரு நாளும் அந்த நாளுக்கு இருந்தது. அதைச் சாப்பிட்டவர்களில் அவள் வீட்டாரும் உண்டு.

இன்னொன்று. தாய் தகப்பனுக்குச் சேரவேண்டியதை "கொர்பான்", அதாவது காணிக்கை, என்று சொல்லி நிறுத்தலாம் என்றவர்களை இயேசு எவ்வளவு கடுமையாகப் பேசினார் என்று மாற்கு 7-ல் வாசியுங்கள். கடிந்தது அந்தப் போதனையைக் கொடுத்தவர்களை. எனக்கும் அதில் பங்குண்டு.

ஊழியத்துக்கு வந்த புதிதில், கொடுப்பதைப் பற்றி ஆவேசமாக ஒரு பிரசங்கம் செய்தேன். ஆராதனை முடிந்து காணிக்கை எண்ணும்போது ஒரு உறை. மேலே எழுதியிருந்த தொகையை அடித்துவிட்டு, கீழே பெரிய தொகை எழுதியிருந்தது. பேனா அழுந்தி அந்த இடத்தில் காகிதம் கிழிந்திருந்தது. யாருடையது என்று தெரியும். அந்த வீட்டில் வாடகை பாக்கி என்பதும் தெரியும். பதிவேட்டில் எழுதிவிட்டு எழுந்து போய்விட்டேன். இத்தனை வருஷத்துக்குப் பிறகும் அந்தக் கிழிசல் என் கண்ணில் நிற்கிறது.

இங்கிலாந்தில் அநாதை இல்லங்கள் நடத்திய ஊழியர் ஜார்ஜ் முல்லர் என்னைப்போல் செய்யவில்லை. 1836-ல் பிரிஸ்டலில் அவர் முதல் அநாதை இல்லத்தைத் திறப்பதற்குச் சற்று முன், தையல் வேலை செய்து பிழைத்த ஏழைப் பெண் ஒருவர் 100 பவுண்டு பணம் கொடுக்க வந்தார். முல்லர் உடனே கைநீட்டவில்லை. உணர்ச்சிவேகத்தில் கொடுக்கிறாரோ என்று உட்கார்த்திப் பேசினார். தனக்குக் கிடைத்த சொத்துப் பங்கிலிருந்து தகப்பன் வைத்துப்போன கடனை அடைத்து, தாய்க்கும் 100 பவுண்டு கொடுத்துவிட்டுத்தான் அந்தப் பெண் வந்திருந்தார். அதன் பிறகே வாங்கிக்கொண்டார்.

ஆகவே இன்றைக்கே கணவரிடம் சொல்லுங்கள். கோபப்படுவார், படட்டும். பிறகு இருவருமாகப் போய், நிலைமையைச் சொல்லி அந்தப் பணத்தைத் திருப்பிக் கேளுங்கள். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. கொடுக்க மறுத்தால், சபை மூப்பர்களிடம் ஆபரேஷனுக்கு உதவி கேளுங்கள். கொடுக்கத் தெரிந்த உங்களுக்கு, வாங்குவதுதான் இப்போது கடினமான விசுவாசமாக இருக்கும்.

எவ்வளவு கொடுப்பது? "தன்தன் வரவுக்குத்தக்கதாக" என்கிறார் பவுல் (1 கொரிந்தியர் 16:2). வரவு இல்லாத மாதத்தில் இந்தக் கேள்வியே வேண்டாம். வரும் ஞாயிறு உறை இல்லாமல் ஆராதனைக்குப் போங்கள். யாராவது ஒரு மாதிரி பார்த்தால் எனக்கு எழுதுங்கள்.