அலாஸ்கா குரூஸ்: எந்தச் சுற்றுலாவை விடலாம்?

முல்லைத்தீவில் இருந்து ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் எழுதியிருக்கிறார். ரொறன்ரோவில் இருக்கும் மகள், வரும் ஜூலையில் பெற்றோரை ஏழு இரவு அலாஸ்கா குரூசுக்குக் கூட்டிப்போகிறார். வன்கூவரில் ஏறி வன்கூவரிலேயே இறங்குவது. வழியில் கெச்சிக்கன், ஜூனோ, ஸ்காக்வே என்று மூன்று ஊர்கள், ஒரு நாள் கிளேசியர் பே என்ற பனியாற்றுக் குடா. மருமகனும் ஒன்பது வயதுப் பேரனும் கூட வருகிறார்கள். கனடா விசா, அமெரிக்க விசா இரண்டும் கையில் உண்டு. அவர் கேட்பது இது: "கப்பல் கம்பனி அனுப்பிய சுற்றுலாப் பட்டியலைப் பார்த்தால் தலை சுற்றுகிறது. பலதுக்கு ஆளுக்கு நூறு டொலருக்கு மேல். 'விருப்பமானதைச் சொல்லுங்கோ அம்மா' என்கிறாள் மகள். எனக்கு எல்லாமே வேண்டாம் என்று சொல்லத்தான் தோன்றுகிறது. இவருக்கு 70 வயது, முழங்கால் நோ. கடற்றொழில் செய்தவர். எதை விடலாம்?"

ரீச்சர், "எல்லாமே வேண்டாம்" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். அந்தப் பக்கம் ஓடும் கப்பலில் சுற்றுலாச் சீட்டு விற்கும் மேசையில் இருந்தவன் நான். எங்கள் பெற்றோர் பிள்ளைகளோடு அங்கே வந்தால், விலையைப் பார்த்ததும் மனதுக்குள் முந்நூறால் பெருக்கி ரூபாயாக்கிப் பார்ப்பார்கள். "நாங்கள் கப்பலிலேயே இருக்கிறோம், நீங்கள் போட்டு வாங்கோ" என்பார்கள். பிள்ளையின் முகம் வாடிவிடும். அந்தப் பெருக்கலை இந்த ஏழு நாளுக்கும் நிறுத்திவையுங்கள். பட்டியலில் பெரும்பகுதியை விடத்தான் போகிறோம். ஆனால் விலையைப் பார்த்து விடப்போவதில்லை.

கப்பலின் மேல்தட்டில் நின்றே காணக்கூடியதற்கும், துறையில் இறங்கி ஆறுதலாக நடந்து போகக்கூடியதற்கும் தனியாகக் காசு கட்டத் தேவையில்லை. முழங்காலுக்குக் கூடாததை, மலிவாக இருந்தாலும் விடவேண்டும். மிச்சம் இருப்பதில்தான் தெரிவு.

முதலில் கிளேசியர் பே. அங்கே கப்பல் எந்தத் துறையிலும் கட்டாது, இறங்க முடியாது, வாங்குவதற்குச் சீட்டும் இல்லை. அதனாலேயே பலர் அதை ஓய்வு நாளாக நினைத்து அறையில் படுத்துவிடுகிறார்கள். என்னைக் கேட்டால் முழுப் பயணத்திலும் பெரிய நாள் அதுதான். இந்தத் தேசியப் பூங்காவுக்குள் ஒரு நாளைக்கு இரண்டு குரூஸ் கப்பல்களைத்தான் விடுவார்கள். காலையில் பூங்காவின் ரேஞ்சர்கள் கப்பலில் ஏறி, ஒலிபெருக்கியில் விளக்கம் சொல்லிக்கொண்டே வருவார்கள். குடாவின் மேல்முனையில் உள்ள மார்ஜரி பனியாறு ஏறக்குறைய 34 கிலோமீற்றர் நீளம். அதன் முகப்பு தண்ணீருக்கு மேலே 75 மீற்றர் அளவுக்கு நிமிர்ந்து நிற்கும். கப்பல் அதற்கு முன்னால் நின்று மெதுவாகத் திரும்பும், அதனால் எந்தப் பக்கம் நின்றாலும் தெரியும். முழங்கால் நோக்காரருக்கு இதைவிட வசதி கிடையாது. கதிரையில் இருந்தே பார்க்கலாம்.

அந்த இடத்தின் கதையும் உங்களுக்கு அந்நியமாக இராது. 1794 இல் பிரித்தானியக் கப்டன் வன்கூவரின் ஆட்கள் இந்தக் கரையை அளந்தபோது, இன்று கப்பல் போகும் குடா அநேகமாக முழுவதும் பனிக்கட்டியாக இருந்தது. 1879 இல் வந்தவர்கள் பார்த்தபோது அது நெடுந்தூரம் பின்வாங்கியிருந்தது. அதற்கு முன்பு, 1700களில், பனியாறு முன்னேறி வந்து அங்கே வாழ்ந்த ஹூனா ட்லிங்கிட் பழங்குடி மக்களை ஊரைவிட்டு எழுப்பியது. அவர்கள் தண்ணீருக்கு அப்பால் ஹூனாவில் போய்க் குடியேறினார்கள். தங்கள் பழைய மண்ணில் அவர்களுக்கென்று ஒரு குலவீடு திரும்ப எழுந்தது 2016 இல்தான். ரேஞ்சர் இதைச் சொல்லத் தொடங்கினால் நின்று கேளுங்கள். இடம்பெயர்வு என்றால் என்னவென்று அந்தக் கப்பலில் உங்களைவிட நன்றாகத் தெரிந்தவர்கள் அதிகம் பேர் இருக்கமாட்டார்கள்.

இவ்வளவையும் கப்பலில் நின்றே பார்க்கலாம் என்றால், ஜூனோவில் ஹெலிகொப்டரில் ஏறிப் பனியாற்றின் மேல் இறங்கும் சுற்றுலா தேவையா? பட்டியலில் மிக விலை கூடியவற்றில் அதுவும் ஒன்று, ஐந்து பேருக்கும் எடுத்தால் மற்ற எல்லாவற்றையும் விழுங்கிவிடும். முகில் தாழ்ந்தால் பறக்கமாட்டார்கள். காசு திரும்பி வரும், ஆனால் அந்த நாள் போய்விடும். இந்த இரண்டு காரணங்களையும் மகள் தானாகவே யோசித்திருப்பார். மூன்றாவதை நீங்கள்தான் சொல்லவேண்டும். யுத்தக் காலத்தில், 2009 வரை, வன்னியில் இருந்தவர்களுக்குத் தலைக்கு மேலே ஹெலிகொப்டர் வரும் சத்தம் என்ன செய்யும் என்பது ரொறன்ரோவில் இருக்கும் பிள்ளைக்கு இப்போது நினைவுக்கு வராமல் போகலாம். ஆசையோடு சீட்டு எடுத்து, அங்கே போன பிறகு அப்பா ஏறமாட்டேன் என்று நின்றால் எல்லோருக்கும் மனவருத்தம். இப்போதே சொல்லிவிடுங்கள். கெச்சிக்கனில் தண்ணீரில் இறங்கும் சிறு விமானத்துக்கும் இதே யோசனைதான்.

இதோடு வேறு சில சத்தங்களையும் ஐயாவுக்கு முன்கூட்டியே சொல்லிவையுங்கள். கப்பல் புறப்படுமுன் அவசரகால ஒத்திகை நடக்கும்: ஏழு குறுகிய ஒலி, ஒரு நீண்ட ஒலி. பனியாற்றில் இருந்து பெருந்துண்டு உடைந்து விழும்போது வெடிச் சத்தம் கேட்கும், அதுவும் கண்ணுக்குத் தெரிந்து கொஞ்சம் கழித்துத்தான் காதுக்கு வரும். ஜூனோவில் கோடை நாட்களில் சுற்றுலா ஹெலிகொப்டர்கள் மேலே போய்வந்துகொண்டே இருக்கும். தெரிந்துகொண்டு கேட்பதற்கும் திடுக்கிட்டுக் கேட்பதற்கும் நிறைய வித்தியாசம் உண்டு.

சரி, ஜூனோவில் எதற்குப் போவது? திமிங்கிலம் பார்க்கத்தான், இதை விடவேண்டாம். நீலத்திமிங்கிலம் எங்கள் திருகோணமலைக் கடலுக்கே வருகிறதே, அதற்கு அலாஸ்கா எதற்கு என்று ஐயா கேட்கக்கூடும். ஜூனோவில் காண்பது கூன்முதுகுத் திமிங்கிலம், அது வேறு இனம். மாரியில் ஹவாய்க் கடலில் குட்டி ஈன்று, அங்கே பெரும்பாலும் சாப்பிடாமல் இருந்து, கோடையில் பல ஆயிரம் கிலோமீற்றர் நீந்தி அலாஸ்காவுக்குத் தின்ன வருகிறது. சில வேளை பல திமிங்கிலங்கள் சேர்ந்து, நீருக்கடியில் குமிழ்களை வட்டமாக ஊதி மீன் கூட்டத்தை வளைத்து, வாயைத் திறந்தபடி ஒன்றாக மேலே வரும். வலை வளைத்தவருக்கு அதை விளக்கவே தேவையில்லை. அந்தக் காட்சி எல்லா நாளும் கிடைக்காது. ஆனால் ஜூலையில் திமிங்கிலத்தையே காணாமல் திரும்புவது அரிது. படகுகள் 100 யார் தூரத்துக்கு உள்ளே போகக்கூடாது என்பது சட்டம், அதனால் நெருங்கிப்போகவில்லை என்று ஓட்டுநரைக் குறைசொல்லாதீர்கள். தீவுகள் மறைத்த கடல் என்பதால் பெரும்பாலும் அலை குறைவு. உள்ளே இருக்கைகளும் கழிப்பறையும் உள்ள படகா என்று கேட்டுப் பதிவுசெய்யுங்கள்.

மென்டன்ஹோல் பனியாறும் திமிங்கிலப் படகு ஏறப்போகும் அதே திசையில்தான், நகரத்தில் இருந்து 20 கிலோமீற்றர் அளவு. திமிங்கிலத்தோடு சேர்த்து ஒரே சீட்டாகவும் விற்பார்கள், அதை எடுத்தால் அலைச்சல் குறையும். அங்கே ஐயாவை நீண்ட பாதைகளில் நடக்கவிடாதீர்கள். பார்வையாளர் மண்டபத்துக்குப் பக்கத்தில் சக்கர நாற்காலியே போகக்கூடிய குறுகிய பாதை உண்டு, பனியாறும் நீர்வீழ்ச்சியும் அங்கிருந்தே தெரியும். பேரன் நீர்வீழ்ச்சியின் அடிவரை போக ஆசைப்பட்டால் தகப்பனோடு போகட்டும். சமதரைப் பாதை, ஒரு வழி ஏறக்குறைய ஒன்றரைக் கிலோமீற்றர். சல்மன் மீன் ஏறும் காலமென்றால் பக்கத்து ஓடையில் கருங்கரடி மீன் பிடிக்க வருவதும் உண்டு. ஆகவே கரடி பார்க்கவென்று தனியாக விற்கும் சுற்றுலாவை விடலாம். வன்னிக் காட்டுக் கரடியின் குணம் தெரிந்த உங்களுக்கு, தூரத்தில் நின்றே பார்க்கவேண்டும் என்று நான் சொல்லத் தேவையில்லை.

ஜூனோவில் கேபிள் காரும் உண்டு, துறைக்குப் பக்கத்திலேயே ஏறி மலைக்குப் போகலாம். அதை முன்கூட்டிப் பதிவுசெய்யவேண்டாம். திரும்பி வந்ததும் மலையை அண்ணாந்து பாருங்கள், உச்சி தெரிந்தால் சீட்டு எடுங்கள். ஜூலையில் இரவு ஒன்பது மணி கடந்தும் வெளிச்சம் இருக்கும்.

ஸ்காக்வேயில் ரயில். வைட் பாஸ் அன்ட் யூக்கன் ரயில்பாதை 1898 இல் தொடங்கி 1900 இல் முடிந்தது. பொன் தேடிக் கனடாவின் யூக்கனுக்கு ஆயிரக்கணக்கானோர் ஓடிய காலம் அது. பாதையின் அகலம் 914 மில்லிமீற்றர், யாழ்தேவி ஓடும் பாதையில் பாதியைவிடச் சற்றே கூட. அந்த ஒடுங்கிய பாதையில் பாறையைக் குடைந்தும் பள்ளத்தாக்கின் விளிம்பில் தொங்கியும் 870 மீற்றர் உயரத்துக்கு ஏறிப்போகும். போய்வர மூன்று மணித்தியாலத்துக்குள் முடிந்துவிடும். முழுவதும் இருந்த இருப்பில் பார்ப்பது. ஐந்து பேரும் ஒன்றாகப் போகவேண்டிய சுற்றுலா ஒன்று உண்டென்றால் எனக்கு இதுதான். ஏறும்போது இடது பக்கம் இருங்கள், பள்ளத்தாக்கு அந்தப் பக்கம்தான். உச்சியில் பக்கம் மாறி இருக்கச் சொல்வார்கள்.

ஸ்காக்வேயில் இருந்து பஸ்ஸில் யூக்கனுக்குள் போய்வரும் சுற்றுலாக்களும் பட்டியலில் இருக்கும். அவை எல்லை தாண்டிக் கனடாவுக்குள் போகின்றன, திரும்பவும் அமெரிக்காவுக்குள் வரவேண்டும். இலங்கைக் கடவுச்சீட்டில் போகும் உங்கள் இருவரையும் எல்லையில் கேள்வி கேட்டு நிறுத்த இடமுண்டு. எத்தனை தடவை உள்நுழையலாம் என்று விசாக்களில் எழுதியிருக்கும். அதைப் பார்க்காமல் யாரும் பதிவுசெய்யக்கூடாது. நான் உங்கள் இடத்தில் இருந்தால் இதைத் தொடவேமாட்டேன்.

கெச்சிக்கனில் காசு கட்டாமலே பொழுது போகும். துறையில் இருந்து நடந்துபோனால் கிறீக் வீதி வரும், ஓடைக்கு மேலே மரத்தூண்களில் நிற்கும் பழைய வீடுகள். ஜூலைக் கடைசி என்றால் அடியில் சல்மன்கள் எதிர்நீச்சல் போடுவதைக் காணலாம். இன்னும் கொஞ்சம் தள்ளி, பழங்குடி மக்களின் பழைய குலமரத் தூண்களைக் காக்கும் அருங்காட்சியகம் உண்டு, நுழைவுக்கட்டணம் பெரிதல்ல. குடையும் மழைச்சட்டையும் கட்டாயம். வன்னியில் ஆண்டு முழுவதும் பெய்யும் மழையின் இரண்டு மடங்குக்கும் மேலே அந்த ஊரில் பெய்கிறது. உங்கள் கப்பல் நகரத் துறையில் கட்டுமா, வோர்ட் கோவ் என்ற வெளித்துறையிலா என்று மட்டும் கேட்டுவையுங்கள். வெளித்துறை என்றால் நகரத்துக்குப் பஸ்ஸில் வரவேண்டும்.

ஆனால் ஐயாவுக்கு அங்கே ஒன்று இருக்கிறது. பேரிங் கடலில் நண்டுத்தொழில் செய்த ஒரு பழைய படகில், பயணிகளுக்கு மூடிய இருக்கைகள் போட்டு, மூன்று மணித்தியாலமளவு கூட்டிப்போய்க் காட்டுகிறார்கள். அந்தத் தொழிலில் இருந்தவர்களே நண்டுக் கூட்டை இறக்கி, ஏற்றி, வந்ததைக் கையில் எடுத்து விளக்குவார்கள். ஊரிலேயே கண்டதை அங்கே போய் எதற்குப் பார்க்கவேண்டும் என்று உங்களுக்குத் தோன்றலாம், எனக்கு அப்படித் தோன்றவில்லை. கடலில் உழைத்தவருக்கு இன்னொரு கடலின் தொழில்தான் கண்ணுக்கு முதலில் படும். இயந்திரம், கயிறு, கூட்டின் பாரம் என்று அவர் கேட்கும் கேள்விகளை அந்தப் படகில் வேறு யாரும் கேட்கமாட்டார்கள். மருமகனைக் கூட அனுப்புங்கள், மொழிபெயர்க்க ஆள் வேண்டுமே. ஏறி இறங்கும் படி எத்தனை என்று முதலில் விசாரியுங்கள். நீங்களும் மகளும் பேரனும் ஓடைப் பக்கம் நடந்துவாருங்கள். ஒரே குடும்பம் என்பதற்காக எல்லா இடத்துக்கும் ஐந்து பேரும் போகவேண்டியதில்லை.

மற்றவை சுருக்கமாக. கம்பியில் தொங்கிப் போவது, கயாக், நான்கு சக்கர மோட்டார் சைக்கிள், பனியாற்றில் நடை எல்லாம் வேண்டாம். சல்மன் சுட்டுத் தரும் விருந்து வேண்டாம், சாப்பாட்டுக்குத்தான் கப்பலில் ஏற்கெனவே கட்டியாகிவிட்டதே. மரம் வெட்டும் போட்டி நிகழ்ச்சி பேரனுக்குப் பிடிக்கும், பெரியவர்களுக்கு அவசியமில்லை. தட்டில் பொன் அரிப்பதும் அப்படித்தான். நாய் வண்டி கேட்டு அவன் அடம்பிடித்தால், ஹெலிகொப்டர் இல்லாமல் தரையில் சக்கரவண்டி இழுக்கும் வகை உண்டு, அதைப் பாருங்கள்.

திமிங்கிலம், ரயில், நண்டுப் படகு மூன்றையும் இப்போதே பதிவுசெய்யச் சொல்லுங்கள், இடம் முடிந்துவிடும். கப்பல் மூலமே எடுங்கள். வெளியே சற்று மலிவாகக் கிடைக்கலாம், ஆனால் கப்பல் விற்ற சுற்றுலா தாமதமானால் கப்பல் காத்திருக்கும், நீங்களாக எடுத்தது தாமதமானால் காத்திருக்காது. இரத்துச்செய்யும் கடைசி நாள் எது என்பதையும் மகள் குறித்துக்கொள்ளட்டும்.

ஹெலிகொப்டரை விட்டதில் மிச்சமாகும் காசில் சிறு பங்கை எடுத்து, எட்டு மடங்கு பெருக்கிக் காட்டும் பைனாகுலர் இரண்டு வாங்கச் சொல்லுங்கள். ஒன்று ஐயாவின் கழுத்தில் இருக்கட்டும், அவர் அதை யாருக்கும் இலேசில் கொடுக்கமாட்டார். மற்றது உங்கள் நான்கு பேருக்கும்.