அது அயனியாக்கும், புளி இல்ல: வாசகர் கேள்விகளுக்குப் பதில்

போன ஞாயிற்றுக்கிழமை தக்கலையில் எங்கள் வாசகர் வட்டம் கூடியது. கேள்விகளைத் துண்டுச்சீட்டில் எழுதித் தரச் சொன்னார்கள். ஒரு பிஸ்கட் டப்பா நிறைய வந்தது. நாலு சீட்டுக்குப் பதில் சொல்வதற்குள் மழை பிடித்துக்கொண்டது, கரண்டும் போனது. வேளிமலைப் பக்கம் கறுத்துவிட்டால் கடைசி பஸ்சை நம்பி யாரும் உட்கார மாட்டார்கள். டப்பாவை வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டேன். மிச்சச் சீட்டுகளுக்கு இங்கே பதில்.

என்னைத் தெரியாதவர்களுக்கு: பகலில் ஒரு பத்திர எழுத்தரின் ஆபீசில் கம்ப்யூட்டரில் பத்திரம் அடிக்கிறேன், பத்தொன்பது வருஷமாக. கதைத் தொகுப்பு இரண்டு வந்திருக்கிறது.

நாகர்கோவில், கல்லூரி மாணவி: அக்கா, தினமும் எழுதுவீங்களா? எந்த நேரம்?

தினமும் இல்லை. காலை நாலரைக்கு எழுந்தால் பால்காரர் மணியடிக்கும்வரை ஒன்றேகால் மணி நேரம் கிடைக்கும். முந்தின ராத்திரி மாவாட்ட மறந்திருந்தால் அதுவும் போச்சு. முகூர்த்த நாளுக்கு முந்தின நாட்களில் ஆபீசில் மூச்சுவிட நேரம் இருக்காது. எல்லாருக்கும் அந்த நாளிலேயே பத்திரம் பதிய வேண்டும். ஆடி வந்தால் தலைகீழ். நிலம் வாங்க ஆள் வரமாட்டார்கள், நாற்காலிகள் காலியாகக் கிடக்கும். என் இரண்டாவது தொகுப்பில் ஏழு கதைகள் ஆடியில் எழுதியவை. விமர்சனம் எழுதிய ஒருவர் ‘கதைகளில் ஓயாத மழையின் படிமம்’ என்று எழுதியிருந்தார். படிமமும் இல்லை ஒன்றும் இல்லை. ஜன்னலுக்கு வெளியே பெய்துகொண்டிருந்தது, எழுதினேன்.

தக்கலை, பெயர் இல்லை: கதை எங்கிருந்து கிடைக்கிறது?

எனக்குப் பெரும்பாலும் சொத்து விவரத்திலிருந்து. பத்திரத்தின் கடைசியில் நான்கெல்லை எழுதுவோம். கிழக்கே இன்னார் விளை, வடக்கே ஊடுவழி, மேற்கே தோடு (ஓடை), தெற்கே பொதுக்கிணறு. விளை என்றால் தோட்டம்; நம் குமரி மாவட்டத்தில் பாதி ஊர்ப்பெயர் ‘விளை’ என்றுதான் முடியும். புளியமரமே இல்லாத புளியடிவிளை எத்தனை அடித்திருக்கிறேன்! மரம் போய்விட்டது, பெயர் மட்டும் பத்திரத்தில் நிற்கிறது.

மூலப் பத்திரம் பழையதாக இருந்தால் இன்னும் விசேஷம். 1956 நவம்பர் 1-க்கு முன்னால் இந்த மண் திருவிதாங்கூர்-கொச்சியில் இருந்ததால் பழைய பத்திரங்கள் பலதும் மலையாளத்தில் இருக்கும், வருஷமும் கொல்லம் ஆண்டாக இருக்கும். அதோடு 824 அல்லது 825-ஐக் கூட்டினால் நம் கணக்கு வரும். எதைக் கூட்டுவது என்பது ஆவணியில் பிறக்கும் அந்த ஆண்டில் எந்த மாசம் என்பதைப் பொறுத்தது. ‘வழிநடைப் பாத்தியம்’, ‘கிணற்றில் நாலில் ஒரு பங்கு’ என்று ஒரு வரி வரும். நாலில் ஒரு பங்கு கிணறு என்றால் காலையில் யார் முதலில் இறைப்பது? அங்கே ஒரு சண்டை நடந்திருக்கிறது. அந்தச் சண்டை பத்திரத்தில் இருக்காது. அதை நான் எழுதுவேன்.

ஒரு தடவை ஒரு வயசான அம்மா ஆறு சென்ட் விற்க வந்தாள். விலை பேசி, அட்வான்சும் வாங்கியாயிற்று. நான் அடித்ததை வாசித்துக் காட்டும்போது, “வடக்கெல்லையில நிக்க அயனி நீங்கலாக, அப்படிண்ணு எழுது பிள்ளே” என்றாள். அயனி பலா இனத்து மரம். வாங்குகிறவருக்குக் கோபம். நிலத்தை வாங்கிவிட்டு மரத்தை அடுத்தவருக்கு விடுவதா? மரத்துக்குத் தனியாகப் பணம் தருகிறேன் என்றும் சொல்லிப் பார்த்தார். அவள் முடியாது என்று தலையை ஆட்டிவிட்டாள். “அதுல இருந்து விழுந்துதான் எனக்க மாப்பிள்ள செத்தாரு. அதை நான் ஆளுவச்சு முறிக்கணும். நின்னு பாக்கணும்.” மாப்பிள்ளை என்றால் எங்கள் பக்கத்தில் புருஷன். மூன்று மாசத்துக்குள் முறித்துக்கொள்ள வேண்டும் என்ற நிபந்தனையோடு பத்திரம் முடிந்தது. அந்த வரியை அடித்தவள் நான்தான். அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை. அவளுடைய கதை இன்னும் பாக்கி இருக்கிறது, கீழே வருகிறேன்.

குளச்சல், விசைப்படகில் வேலை: உங்க கதையில தை மாசத்துல கச்சான் அடிக்குது. அது எந்த ஊர் கடலு?

அண்ணா, மாட்டிக்கொண்டேன். கச்சான் மேற்கிலிருந்து வருவது, இடவப்பாதி மழையோடு, அதாவது தென்மேற்குப் பருவமழையோடு, சேர்ந்தது. தையில் அடிப்பது வாடை. ‘கச்சான்’ என்ற சொல்லின் ஓசை பிடித்துப்போய் எழுதிவிட்டேன், மாசத்தை யோசிக்கவில்லை. மலையடிவாரத்தில் வளர்ந்தவள் கடலை எழுதினால் இப்படித்தான். அடுத்த பதிப்பில் திருத்துகிறேன், அடுத்த பதிப்பு என்று ஒன்று வந்தால்.

ஆனால் உங்கள் கரையிலிருந்துதான் போன வருஷம் எனக்கு ஒரு கதை கிடைத்தது. விசைப்படகுகளுக்கு நம் ஒரே மாவட்டத்தில் இரண்டு மீன்பிடித் தடைக்காலம். கிழக்கே சின்னமுட்டத்தில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை. மேற்கே குளச்சல், தேங்காய்ப்பட்டணம் பக்கம் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. அண்ணன் சின்னமுட்டம் படகிலும் தம்பி குளச்சல் படகிலும் போகிறார்கள் என்று வையுங்கள். தடைக்காலத்தில் இரண்டு பேரும் ஒன்றாகக் கரையில் இருப்பது ஜூன் முதல் பதினாலு நாள்தான். வீட்டில் ஒரு தங்கச்சி கல்யாணம், தீராத ஒரு பாகப்பிரிவினை, எல்லாவற்றையும் அந்தப் பதினாலு நாளுக்குள் முடிக்க வேண்டும். தேதியைப் படித்ததுமே கதை உட்கார்ந்துவிட்டது. எழுதி முடித்ததும் உங்களிடம் காட்டுகிறேன், காற்றைச் சரிபார்த்துத் தாருங்கள்.

தேரூர், பள்ளி ஆசிரியை: ரிட்டயர் ஆன பிறகு எழுதலாம் என்றிருக்கிறேன்.

தேரூர்க்காரர் கேட்கிற கேள்வியா டீச்சர் இது? உங்கள் ஊர் கவிமணி (1876–1954) வாத்தியார் வேலை பார்த்துக்கொண்டே பாட்டும் எழுதினார், கல்வெட்டும் படித்தார். இந்த வாரமே தொடங்குங்கள்.

இரணியல், இப்போது சென்னையில்: நம்ம ஊர் பேச்சை அப்படியே எழுதினால் வெளியூர்க்காரர்களுக்குப் புரியுமா?

இதைக் கேட்டதற்கு நன்றி. பல வருஷமாக ஒரு ஆத்திரம் உள்ளே கிடக்கிறது.

என் ஆரம்பகாலக் கதை ஒன்றை ஒரு பத்திரிகை போட்டது. பெயர் வேண்டாம். புத்தகம் வந்ததும் ஆசையாகப் பிரித்தால் என் கதையில் ஒருவன் ‘கொட்டாங்குச்சி’யில் ரப்பர் பால் பிடிக்கிறான். நான் எழுதியது சிரட்டை. மரச்சீனியை மரவள்ளியாக்கியிருந்தார்கள். வாரியல் துடைப்பமாகிவிட்டது. சக்கைக்கு பலாப்பழம். காலையில் கடையில் ‘சாயா’ கேட்ட ஆள் அச்சில் ‘தேநீர்’ கேட்டார். குலசேகரம் சந்தியில் நின்று யாராவது தேநீர் கேட்டால் கடைக்காரர் அவரை மேலும் கீழும் பார்ப்பார். போன் பண்ணிக் கேட்டேன். “வாசகருக்குப் புரியணும் இல்லையா மேடம்” என்றார் ஒருவர், ரொம்ப மரியாதையாக.

புரியும். மரச்சீனியை அவித்து, தேங்காயும் காந்தாரி மிளகும் அரைத்துப் போட்டு, சாளைக்கறியோடு ஒருத்தி பரிமாறுகிறாள் என்று எழுதினால் அது ஒரு கிழங்கு என்று யாருக்குத்தான் தெரியாது? அடிக்குறிப்பு எதற்கு? நானும் தஞ்சாவூர் கதைகளை அப்படித்தானே படித்தேன்.

ஆனால் ஒன்று. ‘ஆக்கும்’, ‘எனக்க’, ‘உனக்க’ என்று வரிக்கு வரி தூவினால் மட்டும் அது நம்ம ஊர் பேச்சு ஆகிவிடாது. விளவங்கோடு பேச்சு வேறு, தோவாளை பேச்சு வேறு; கடற்கரைப் பேச்சு முற்றிலும் வேறு. எனக்கு வருவது கல்குளம் பக்கத்துப் பேச்சு. மற்றதை எழுதினால் அந்தந்த ஊர்க்காரரிடம் வாசித்துக் காட்டிவிட்டுத்தான் அனுப்புவேன்.

மார்த்தாண்டம்: எழுத்தில் வருமானம் உண்டா? உள்ளதைச் சொல்லுங்க.

போன வருஷம் ராயல்டி 2,340 ரூபாய். புத்தக விலை 180, பத்து சதவீதம், 130 பிரதி விற்றிருந்தது. காஸ் சிலிண்டர் ஒன்று வாங்கினேன், மின்விசிறிக்குக் காயில் கட்டினேன், மிச்சத்தில் ஏத்தன்காய் சிப்ஸ். கோயில் கொடைக்கு விழா மலர் போடுகிறவர்கள் தலவரலாறு எழுதித் தரச் சொல்வார்கள். அதில் கிடைப்பது கதையில் கிடைப்பதைவிட அதிகம். வேலையை விடாதீர்கள்.

குலசேகரம்: எழுத வராத நாளில் என்ன செய்வீங்க?

குலசேகரம் என்றதும் அப்பா ஞாபகம். அவர் ரப்பர் பால்வெட்டுக்காரர். ராத்திரி மூன்று மணிக்கு நெற்றியில் லைட்டைக் கட்டிக்கொண்டு கிளம்புவார். வெயில் ஏறுவதற்குமுன் வெட்டினால்தான் மரம் பாலை நன்றாக விடும். லீவு நாளில் நானும் கூடவே போவேன். முதலில் முந்தின வெட்டில் காய்ந்து கிடக்கும் ஒட்டுப்பாலை ஒரே இழையாக உரித்து கூடையில் போடுவார். பிறகு கத்தியை வைத்து ஒரு இழுப்பு. சீவல் மெல்லிசாக, சுருண்டு விழும். சாய்ந்த அந்தக் கோட்டில் வெள்ளை பொட்டுப் பொட்டாக ஊறி, சேர்ந்து, ஓடி, சிரட்டையில் சொட்டும். கத்தி கொஞ்சம் ஆழப்பட்டுவிட்டால் உள்ளே தடியில் காயம். அந்த இடம் முண்டும் முடிச்சுமாக வளரும். பிறகு அதில் கத்தி ஓடாது. பால் மறுபடி ஊற வேண்டும் என்பதால் ஒரு மரத்தைத் தினமும் வெட்டமாட்டார்கள், ஒருநாள் விட்டு ஒருநாள். மழை பெய்தால் வெட்டே இல்லை. அப்பா திண்ணையில் உட்கார்ந்து கத்தியைத் தீட்டுவார்.

எழுத வராத நாளில் நானும் அதைத்தான் செய்கிறேன். பழைய கதையை எடுத்து, கண்ணை உறுத்தும் சொல்லை மாற்றுவேன். இல்லாவிட்டால் மாவாட்டுவேன்.

பத்மநாபபுரம்: பேனாவா, கம்ப்யூட்டரா?

பேனா. கம்ப்யூட்டரில் உட்கார்ந்தால் கை தானாக ‘இதன் கீழ் விவரிக்கப்பட்ட சொத்தை’ என்று தொடங்கிவிடும்.

கன்னியாகுமரி, லாட்ஜ் ஊழியர்: முக்கடல், சூரிய உதயம், 133 அடி வள்ளுவர் சிலை எல்லாம் இருக்கே, ஏன் எங்க ஊரைப் பற்றி எழுதல?

எல்லாரும் கிழக்கே பார்த்து நிற்கும்போது நான் திரும்பி அவர்களைப் பார்த்துக்கொண்டிருப்பேன். குமரியம்மன் கல்யாணம் நின்றுபோய் அரிசியெல்லாம் மணலாகிவிட்டது என்று கதை சொல்லி, அந்த மணலைப் பொட்டலம் போட்டு விற்கிறார்களே, அதில் ஒரு பெண் நிறம் நிறமாகப் பிரித்து நிரப்பிக்கொண்டிருந்தாள். பிளாஸ்டிக் கவரின் வாயை மெழுகுவர்த்தித் தீயில் ஒட்டினாள். ஒரு தடவைகூட கடல் பக்கம் திரும்பவில்லை. அவளை எழுதத் தொடங்கியிருக்கிறேன். அதிகாலையில் வேலைக்கு வந்தால் அந்த மணல் எந்த இடத்தில் அள்ளுவது என்று கேட்டுச் சொல்வீர்களா?

அருமனை: உண்மையான ஆட்களை எழுதினால் சண்டை வராதா?

வரும். என் நாத்தூன் எட்டு மாசம் பேசவில்லை; அந்தக் கதையில் அவள் இல்லவே இல்லை என்பது வேறு விஷயம்.

ஆபீசில் வருகிறவர்கள் விஷயத்தில் கவனமாக இருப்பேன். பெயர், ஊர், அளவு எல்லாவற்றையும் மாற்றிவிடுவேன். அயனி மரத்து அம்மாவின் கதையிலும் அயனியைப் புளியாக்கினேன், ஊரை மாற்றினேன், ஆறு சென்டைப் பத்தாக்கினேன். இரண்டு வருஷம் கழித்து வேறொரு சோலியாக அவள் ஆபீசுக்கு வந்தாள். பேரன் வாசித்துக் காட்டினானாம். எனக்கு உள்ளங்கை வியர்த்துவிட்டது. பையைத் திறந்து மட்டிப்பழம் ஒரு சீப்பை மேஜைமேல் வைத்தாள். “எல்லாம் கொள்ளாம். ஆனா அது அயனியாக்கும் பிள்ளே, புளி இல்ல. அவரு புளியில ஏறமாட்டாரு.”

கதையில் புளி அப்படியே இருக்கிறது. தொகுப்பு இனி அச்சானால் மாற்றலாமா என்று நேற்றுகூட யோசித்தேன். அவளைக் கேட்டுவிட்டுத்தான்.

தக்கலை, எட்டாம் வகுப்பு: கதை எழுத எந்த மாதிரி நோட்டு வாங்கணும் ஆன்ட்டி?

வாங்க வேண்டாம் மக்களே. நான் எழுதுவது ஆபீசில் பிரிண்டர் தப்பாக அடித்த தாளின் பின்பக்கத்தில். ஆள் பெயரும் சர்வே நம்பரும் இருந்தால் அந்தத் தாளைக் கிழித்துப் போட்டுவிடுவேன், மற்றதை நூல் வைத்துத் தைத்துக்கொள்வேன். உனக்கு ஒரு கட்டு எடுத்து வைத்திருக்கிறேன். சனிக்கிழமை நாலு மணிக்குமேல் வா, அப்போது கூட்டம் இருக்காது.