பக்கத்துப் படம் எங்கே?

அன்புள்ள ஐயா,

என் மைத்துனர் எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில், விண்வெளி வீரர்கள் எடுத்த பறக்கும் தட்டுப் படங்கள் என்று தினமும் எதையாவது அனுப்புகிறார். அவற்றில் ஒன்று, பூமிக்கு மேலே கரிய உருவமாக மிதக்கும் ‘பிளாக் நைட்’. துருவங்களுக்கு மேலாக 13,000 ஆண்டுகளாகச் சுற்றிவரும் வேற்றுக்கிரகக் கலம் என்கிறார். விண்வெளி வீரர்கள் பொய் சொல்வார்களா, நாசா ஏன் மறைக்கிறது என்று அவர் கேட்டால் எனக்குப் பதில் வருவதில்லை. ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் என் மகளும் அவர் பக்கம் சாய்ந்துவிட்டாள். அவளுக்குக் கொடுக்கத் தமிழில் ஒரு நல்ல புத்தகம் சொல்ல முடியுமா?

எஸ்., பெரம்பூர்

அன்புள்ள எஸ்.,

இத்தகைய கடிதங்களுக்குப் பொதுவாக நான் பதில் எழுதுவதில்லை. ஆனால் ஒற்றைப் படத்தை நீட்டி உலகத்தையே நிரூபித்துவிடும் பழக்கத்தைப் பற்றிச் சில நாட்களாக யோசித்துக்கொண்டிருந்த வேளையில் உங்கள் மைத்துனர் வந்து சேர்ந்தார்.

நாசா மறைக்கிறது என்ற பேச்சை முதலில் ஒதுக்கிவிடுவோம். மறைக்க நினைப்பவர்கள் படத்துக்கு எண் போட்டு, எவரும் இறக்கிக்கொள்ளும்படி பொதுக் காப்பகத்தில் வைப்பதில்லை. அடுத்து உங்கள் மைத்துனர், நிலவுக்குச் சென்ற அப்பல்லோ 16 கலத்தின் படச்சுருளைக் காட்டுவார். அதில் தெரிவது கலத்திலிருந்து வெளியே நீட்டியிருந்த விளக்குத் தண்டு என்று 2004-இல் ஆராய்ந்து சொல்லியாகிவிட்டது. அதையும் விடுங்கள்.

‘பிளாக் நைட்’ படம் அப்படி விட்டுவிடக் கூடியது அல்ல. 1998 டிசம்பரில் எண்டெவர் விண்கலம், சர்வதேச விண்வெளி நிலையத்தின் முதல் இரண்டு பகுதிகளான ஸார்யாவையும் யூனிட்டியையும் இணைக்கச் சென்றது. ஜெர்ரி ராஸும் ஜேம்ஸ் நியூமனும் வெளியே வேலை செய்துகொண்டிருந்தபோது, வெப்பக் காப்புப் போர்வை ஒன்று கைநழுவி மிதந்து போனது. போகப் போக அதைக் கலத்தின் சன்னல் வழியே படமெடுத்தார்கள். 724 என்ற சுருளில் 65 முதல் 70 வரையுள்ள படங்கள் அவை. உங்கள் குழுவுக்கு வந்திருப்பது பெரும்பாலும் 66 ஆக இருக்கும், ஓரங்களை வெட்டியிருப்பார்கள்.

நான் கேட்பதெல்லாம், மற்ற படங்கள் எங்கே என்பதுதான். இளமையில் திருவல்லிக்கேணியில் ஒரு ஸ்டூடியோவில் உதவியாளனாக இருந்தேன். ஒரு கல்யாணப் படத்தில் மணப்பெண்ணின் தலைக்கு மேல் வெள்ளை வட்டம் ஒன்று விழுந்திருந்தது. இறந்துபோன பாட்டி வந்து ஆசீர்வதித்திருக்கிறார் என்று அந்த வீட்டார் கண் கலங்கினார்கள். பெரிதாக்கித் தரச் சொன்னார்கள். முதலாளி மறுத்துப் பேசாமல் பெரிதாக்கிக் கொடுத்தார், காசையும் வாங்கிக்கொண்டார். அவர்கள் படியிறங்கிய பிறகு நெகட்டிவ் பட்டையை விளக்கில் பிடித்து எனக்குக் காட்டினார். முந்தைய படத்தில் அதே வட்டம் மாமனாரின் தோளில் இருந்தது, அடுத்ததில் மண்டபத்துத் தூணில். எதிரே எரிந்த வீடியோ விளக்கு லென்ஸில் பட்டு விழுந்த வட்டம் அது. கேமரா திரும்பிய பக்கமெல்லாம் பாட்டியும் திரும்பியிருந்தார். அந்த ஒற்றைப் படத்தை எவ்வளவு உற்றுப் பார்த்திருந்தாலும் எனக்கு இது விளங்கியிருக்காது.

எண்டெவர் படங்களையும் அப்படி வரிசையாகப் பாருங்கள். ஒன்றில் அந்தப் பொருள் பறவையைப் போலிருக்கிறது, இன்னொன்றில் கசங்கிய துணியைப் போல. புரண்டு புரண்டு, மெல்ல விலகிப் போகிறது. இந்த ‘மெல்ல’ என்பதில்தான் வழக்கே முடிகிறது. அந்த உயரத்தில் சுற்றும் எதுவும் விநாடிக்கு ஏறத்தாழ 7.7 கிலோமீட்டர் வேகத்தில் போகிறது. எண்டெவரின் பாதை பூமத்திய ரேகைக்கு 51.6 பாகை சாய்ந்திருந்தது. உங்கள் மைத்துனர் சொல்வதுபோல் துருவங்களுக்கு மேலாக ஒரு கலம் சுற்றியிருந்தால், இரு பாதைகளும் வெட்டிக்கொள்ளும் இடத்தில் அது விநாடிக்கு 5 கிலோமீட்டருக்குக் குறையாத வேகத்தில் எண்டெவரைக் கடந்து போயிருக்கும். கேமராவை எடுப்பதற்குள் கண்ணுக்கு எட்டாத தொலைவுக்குச் சென்றிருக்கும். படத்துக்குப் படம் சன்னலுக்கு எதிரிலேயே நிற்கும் பொருள், கலத்தோடு ஏறக்குறைய ஒரே பாதையில், ஒரே வேகத்தில் போகிறது என்று பொருள். அப்படிப் போவதற்கு எளிய வழி, சற்று முன்பு அந்தக் கலத்திலிருந்தே நழுவியிருப்பது. அந்தப் போர்வைக்குச் செயற்கைக்கோள்களைப் போலவே பட்டியல் எண்கூடக் கொடுத்தார்கள், 25570. சில நாட்களில் வளிமண்டலத்தில் விழுந்து எரிந்துபோயிற்று.

வீரர்கள் பொய் சொல்வார்களா என்று கேட்கிறீர்கள். இந்தக் கேள்வியில்தான் எனக்குக் கோபம் வருகிறது. இங்கே யாரும் பொய் சொல்லவில்லை. படம் எடுத்தவரின் கண்ணை நம்புவேன், அது போர்வை என்று அவரே வாய் திறந்து சொன்னால் நம்பமாட்டேன் என்பது என்ன மரியாதை? 1965 ஜூனில் ஜெமினி 4 விண்கலத்தில் சென்ற ஜேம்ஸ் மெக்டிவிட், தம்மால் இனம்காண முடியாத ஒன்றைப் பார்த்ததாகத்தான் சொன்னார். அவர் எடுத்ததென்று ஊரெல்லாம் சுற்றிய படம், தாம் பார்த்ததே அல்ல, சன்னல் கண்ணாடியின் பிரதிபலிப்பு என்றும் அவரே சொன்னார். முதல் பாதியை மட்டும் வெட்டி வைத்துக்கொண்டார்கள், படத்தை வெட்டுவதைப் போலவே.

உங்கள் மகளைக் கடிந்துகொள்ளாதீர்கள். அந்த வயதில் வானத்தைப் பார்த்து வாய் பிளக்காத பிள்ளையை நினைத்துத்தான் நான் கவலைப்படுவேன். 1962 பிப்ரவரியில் ஜான் கிளென் தம் கலத்தைச் சுற்றி மின்மினிகள் போல ஒளித்துகள்கள் மிதப்பதைக் கண்டு வியந்துபோனார். அதே ஆண்டு மே மாதம் சென்ற ஸ்காட் கார்ப்பென்டர் கலத்தின் சுவரைக் கையால் தட்டிப் பார்த்தார். தட்டத் தட்டத் துகள்கள் கிளம்பின. வெளிப்புறத்தில் படிந்திருந்த உறைபனி அது. இந்தக் கதையை அவளுக்குச் சொல்லுங்கள். கார்ப்பென்டரை அவளுக்கு மிகவும் பிடிக்கும் என்று நினைக்கிறேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை கோட்டூர்புரம் கோளரங்கத்துக்கு அழைத்துச் செல்லுங்கள். விண்வெளி நிலையம் சென்னைக்கு மேல் கடக்கும் அந்தி ஒன்றில் மொட்டைமாடிக்கும் கூட்டிப் போய், அது ஓடுகிற ஓட்டத்தைக் காட்டுங்கள், 7.7 கிலோமீட்டர் என்றால் என்னவென்று அவளுக்கே தெரிந்துவிடும்.

மைத்துனரிடம் 65-ஆம் படத்தையும் 67 முதல் 70 வரையுள்ள படங்களையும் அதே குழுவில் போடச் சொல்லுங்கள். புத்தகம் பற்றி இன்னொரு நாள் எழுதுகிறேன்.