ரசீதும் ஸ்பேமுக்குப் போகிறது: வாசகர் கேள்வி-பதில்

கேள்வி: பவானியில் எங்கள் குடும்பம் மூன்று தலைமுறையாக ஜமக்காளம் நெய்து விற்கிறது. இரண்டு ஆண்டுகளுக்கு முன் சொந்தமாக ஓர் இணையதளம் தொடங்கினோம். அதில் வாங்கியவர்களின் மின்னஞ்சல் முகவரிகள் ஏறத்தாழ 900 எங்களிடம் உள்ளன. சென்ற தீபாவளிக்கு முன் ஒருவரிடம் 20,000 முகவரிகளை விலைக்கு வாங்கி, எல்லோருக்கும் ஒரே நாளில் சலுகை அறிவிப்பை அனுப்பினோம். வந்த ஆர்டர்கள் இரண்டே இரண்டு. அதன் பிறகு, பணம் கட்டிய வாடிக்கையாளருக்குப் போகும் ரசீது கூட ஸ்பேமில் விழுவதாகச் சொல்கிறார்கள். என்ன செய்வது ஐயா?
— ஒரு வாசகர், பவானி

பதில்: ஆர்டர் வராததைவிட, ரசீது ஸ்பேமில் விழுவதற்குத்தான் நீங்கள் அதிகம் கவலைப்பட வேண்டும். ஜிமெயில், யாஹூ போன்ற அஞ்சல் சேவைகள், தங்களுக்கு மடல் அனுப்பும் ஒவ்வொரு டொமைனின் (மின்னஞ்சல் முகவரியில் @ குறிக்குப் பின் வரும் பெயர்) நடத்தையையும் கணக்கு வைத்துக்கொள்கின்றன. விளம்பரமும் ரசீதும் உங்களிடமிருந்து ஒரே டொமைன் பெயரில் போவதால், விளம்பரம் சம்பாதித்த கெட்ட பெயர் ரசீதையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டது.

விலைக்கு வரும் பட்டியலில் பல முகவரிகளுக்கு ஆள் இருக்காது. அந்த மடல்கள் திரும்பி வரும்போதே உங்கள் மீது சந்தேகம் விழுந்துவிடும். சில முகவரிகள், இப்படிப்பட்ட பட்டியல்களைப் பயன்படுத்துவோரைப் பிடிப்பதற்கென்றே ஸ்பேம் தடுப்பாளர்கள் வைத்த பொறிகள். மிஞ்சியவர்கள் உண்மையான மனிதர்களே என்றாலும், பவானி எந்தத் திசையில் இருக்கிறது என்று கூடத் தெரியாத அவர்கள் உங்கள் மடலைப் பார்த்தவுடன் 'ஸ்பேம்' பொத்தானை அழுத்துவதில் வியப்பில்லை. ஸ்பேம் புகார் விகிதம் 0.3 சதவீதத்தைத் தொடக்கூடாது, 0.1 சதவீதத்துக்குள் இருப்பதே நல்லது என்பது கூகுள் விதித்திருக்கும் வரம்பு. அதாவது, போய்ச் சேர்ந்த 1,000 மடல்களுக்கு மூன்று பேர் முகம் சுளித்தாலே நீங்கள் ஆபத்தில் இருக்கிறீர்கள்.

ஒரே நாளில் 5,000 மடல்களுக்கு மேல் ஜிமெயில் முகவரிகளுக்கு அனுப்புவோரை கூகுள் மொத்த அனுப்புநர் என்று வகைப்படுத்துகிறது. ஒருமுறை அந்த எண்ணிக்கையைத் தாண்டினாலும் அந்த முத்திரை நிரந்தரம். 20,000 மடல்களை ஒரே நாளில் அனுப்பிய நீங்கள் அநேகமாக அந்த வகைக்குள் வந்திருப்பீர்கள். அப்படிப்பட்டவர்களுக்கு 2024 பிப்ரவரி முதல் எஸ்பிஎஃப், டிகேஐஎம், டிமார்க் ஆகிய மூன்றும் கட்டாயம். எந்தெந்த சர்வர்கள் உங்கள் பெயரில் மடல் அனுப்பலாம் என்ற பட்டியல் எஸ்பிஎஃப். மடல் வழியில் திருத்தப்படவில்லை என்று காட்டும் கையொப்பம் டிகேஐஎம். இவற்றில் தேறாத மடலை என்ன செய்வது என்று அஞ்சல் சேவைக்கு நீங்கள் சொல்லி வைக்கும் கட்டளை டிமார்க். டொமைன் வாங்கிய இடத்தில், அந்தப் பெயருக்கான அமைப்புகள் இருக்கும் டிஎன்எஸ் பகுதியில் இவற்றைச் சேர்க்கலாம். இணையதளம் அமைத்துக் கொடுத்தவர் அரை மணி நேரத்தில் முடித்துவிடுவார். விளம்பர மடலில் ஒரே அழுத்தத்தில் பட்டியலிலிருந்து விலகும் வசதியும் இருக்க வேண்டும். விலக வழி தேடிச் சலித்தவர்தான் 'ஸ்பேம்' பொத்தானை அழுத்துகிறார் என்பதால், இந்த வசதி உங்களுக்கே பாதுகாப்பு.

இனி சீர்செய்யும் வழி. வாங்கிய பட்டியலை இன்றே அழித்துவிடுங்கள். கொடுத்த பணம் போனது போனதுதான். (பல ஆண்டுகளுக்கு முன் நானும் இப்படி ஒரு பட்டியலை வாங்கி, அழிக்க மனமில்லாமல் ஆறு மாதம் வைத்திருந்து, இரண்டாவது முறையும் கெட்டேன்.) ரசீதுகளுக்கு ஒரு துணை டொமைனும் (உங்கள் டொமைனுக்கு முன் ஒரு சொல்லும் புள்ளியும் சேர்த்த பெயர்) விளம்பரத்துக்கு வேறொன்றும் வைத்துக்கொள்ளுங்கள். பிறகு உங்கள் சொந்த 900 பேரில், கடந்த ஆறு மாதத்துக்குள் வாங்கியவர்களுக்கு மட்டும், நாளுக்கு ஐம்பது அறுபது என்ற அளவில் அனுப்பத் தொடங்கி, வாரக்கணக்கில் மெதுவாகக் கூட்டிக்கொண்டு போங்கள். அனுப்பும் மடல்களின் நிலையைக் காட்டும் கூகுளின் போஸ்ட்மாஸ்டர் டூல்ஸ் இலவசம். மடல்களின் எண்ணிக்கை ஓரளவு கூடிய பின் அதில் புகார் விகிதம் தெரியும்.

ஈரோட்டு ஜவுளிச் சந்தைக்கு ஒரு வாரம் வந்து துணி வாங்கிப் போனவர், அடுத்த வாரம் வரும்போது, "புதுசா என்னங்க வந்திருக்கு?" என்று தாமாகவே கேட்பார். உங்கள் 900 பேரும் அப்படிப்பட்டவர்கள்.

கேள்வி: நானும் என் கணவரும் கொடுமுடி அருகே எங்கள் தோட்டத்தில் விளையும் மஞ்சளைப் பொடியாக அரைத்து இணையதளத்தில் விற்கிறோம். ஏறத்தாழ 600 பேருக்கு மாதம் இரண்டு மின்னஞ்சல் அனுப்புகிறோம். பாதிப் பேர் திறந்து பார்ப்பதாகக் கணக்கு காட்டுகிறது. ஆனால் இணையதளத்துக்கு வருபவர் பத்துப் பேர் கூட இல்லை. எங்கே தவறு? கடைசியாக அனுப்பிய மடலை இணைத்துள்ளேன்.
— ஒரு வாசகி, கொடுமுடி

பதில்: முதலில், 'திறந்தவர்' கணக்கை நம்பாதீர்கள். மடலுக்குள் கண்ணுக்குத் தெரியாமல் வைத்த ஒரு சிறு படம் எத்தனை முறை இறங்கியது என்பதை எண்ணித்தான் அந்தக் கணக்கைப் போடுகிறார்கள். 2021 முதல் ஆப்பிளின் மெயில் செயலி, பயன்படுத்துபவர் தனியுரிமைப் பாதுகாப்பை இயக்கியிருந்தால், அவர் திறக்காவிட்டாலும் அந்தப் படத்தைத் தானே இறக்கிக்கொள்கிறது. எனவே இணைப்பை அழுத்தியவர்களை மட்டும் எண்ணுங்கள். மடலில் தரும் இணைப்பின் முடிவில் யூடிஎம் என்ற குறிப்பைச் சேர்த்துவிட்டால், எந்த மடலிலிருந்து எத்தனை பேர் வந்தார்கள் என்பதை, இணையதளத்துக்கு வருவோரை எண்ணும் கூகுள் அனலிட்டிக்ஸ் தனியாகக் காட்டிவிடும்.

இப்போது உங்கள் மடலுக்கு வருவோம். 'ஆஃபர்! ஆஃபர்!' என்று தலைப்பு; உள்ளே சுவரொட்டி போல ஒரே ஒரு பெரிய படம்; அதற்குக் கீழே மஞ்சள், மிளகாய், மல்லி, நாட்டுச்சர்க்கரை, கடலை எண்ணெய் என்று பதினொரு இணைப்புகள். படங்களைத் தடுத்து வைத்திருப்பவருக்கு உங்கள் மடல் வெறும் கட்டமாகவே தெரியும். படம் தெரிபவருக்கோ, பதினொன்றில் எதை அழுத்துவது என்ற குழப்பம்.

உங்களிடம் சொல்வதற்கு விஷயம் இல்லாமல் இல்லை. மஞ்சள் ஒன்பது மாதப் பயிர். தோண்டிய கிழங்கை வேகவைத்து, களத்தில் காயப்போட்டு, மெருகேற்றும் வேலை உங்கள் வீட்டு வாசலிலேயே நடக்கிறது. தலைப்பில் 'இந்த வாரம் மஞ்சள் வேகவைத்தோம்' என்று எழுதுங்கள். பொடி வாங்குபவருக்கு விரல் போல நீண்ட விரலி என்றும் உருண்டையான கிழங்கு என்றும் இரண்டு உண்டு என்பதே தெரியாது; நீங்கள் எதை அரைக்கிறீர்கள், ஏன் என்று ஐந்தாறு வரிகளில் சொல்லுங்கள். களத்தில் காயும் மஞ்சளின் படம் ஒன்று, கைப்பேசியில் எடுத்ததே போதும். கடைசியில் ஒரே இணைப்பு. அதை அழுத்தினால் முகப்புப் பக்கத்துக்குப் போகாமல், நேராக அந்தப் பொடியை வாங்கும் பக்கம் திறக்க வேண்டும். மிளகாயும் மல்லியும் அடுத்தடுத்த மடல்களுக்குக் காத்திருக்கட்டும்.

கேள்வி: வாட்ஸ்அப் இருக்கும்போது மின்னஞ்சல் எதற்கு?
— ஒரு பனியன் விற்பனையாளர், திருப்பூர்

பதில்: வாட்ஸ்அப்பின் சாதாரண ஒளிபரப்புப் பட்டியலில் (பிராட்காஸ்ட் லிஸ்ட்) 256 பேரைத்தான் சேர்க்க முடியும், உங்கள் எண்ணைச் சேமித்து வைத்திருப்பவருக்கு மட்டுமே செய்தி போகும். அதற்கு மேல் வேண்டுமென்றால் விளம்பரச் செய்தி ஒவ்வொன்றுக்கும் கட்டணம் உண்டு. மின்னஞ்சல் பட்டியலைக் கோப்பாக எடுத்துக்கொண்டு எந்த அனுப்பும் சேவைக்கும் மாறலாம். உள்ளூர் வாடிக்கையாளருக்கு வாட்ஸ்அப்பையே வைத்துக்கொள்ளுங்கள். டஜன் கணக்கில் வாங்கும் வெளியூர்க் கடைக்காரரிடம் விலைப்பட்டியல் அனுப்பும்போதே மின்னஞ்சல் முகவரியையும் கேட்டு, புதிய சரக்கு பற்றி எழுதலாமா என்று அனுமதியும் வாங்கிவிடுங்கள்.