உகாண்டாவில் இரண்டு மாத சேவை: போகலாமா?

கேள்வி: பி.எஸ்சி. நர்சிங் முடித்து ஓராண்டு ஆகிறது. உகாண்டா கிராமம் ஒன்றில் இரண்டு மாதம் தன்னார்வலராக இருக்க ஓர் அமைப்பு அழைக்கிறது. செலவு என்னுடையது. "ஊசி போடலாம், பிரசவமும் பார்க்கலாம், இந்த அனுபவம் எங்கும் கிடைக்காது" என்கிறார்கள். போகலாமா?

பதில்: தாராளமாகப் போங்கள், ஆனால் இந்த அமைப்போடு வேண்டாம். உகாண்டாவில் நர்ஸாக வேலை பார்க்க, அந்நாட்டு நர்ஸ்கள், மருத்துவச்சிகள் கவுன்சிலில் பதிவு வேண்டும். நம் ஊர்ப் பதிவு அங்கே செல்லாது. பிரசவம் பார்க்கலாம் என்று ஆசை காட்டுகிறவர்கள் அந்தத் தாயைப் பற்றி யோசிக்கவில்லை.

அந்த ஊர்களில் வேலை நிற்காமல் நடக்கிறது. ஊரே தேர்ந்தெடுக்கும் கிராம சுகாதாரக் குழுவினர் இருக்கிறார்கள், வி.எச்.டி. என்பார்கள். பெரும்பாலும் சம்பளமில்லாத வேலை. பயிற்சி பெற்றவர்கள் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளின் மலேரியாவுக்கும் நிமோனியாவுக்கும் வயிற்றுப்போக்குக்கும் மருந்து தருகிறார்கள்.

அப்படி ஒரு வி.எச்.டி. அம்மாவின் பக்கத்தில் பதிவேட்டோடு உட்கார்ந்திருக்கிறேன். பிள்ளையின் விரலில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்து மலேரியா கிட்டில் விட்டார். முடிவு தெரியும்வரை சும்மா இருக்கவில்லை. சட்டையைத் தூக்கி, நெஞ்சு ஏறி இறங்குவதை ஒரு நிமிடம் முழுக்க எண்ணினார். பிள்ளை சிணுங்கியது, அடங்கும்வரை காத்திருந்து முதலிலிருந்து எண்ணினார். ஒரு வயது தாண்டிய பிள்ளைக்கு நிமிடத்துக்கு 40 மூச்சு அல்லது அதற்கு மேல் என்றால் நிமோனியாவாக இருக்கலாம். அப்புறம் மேல்கையில் அளவு நாடா. 11.5 செ.மீ.க்குக் கீழே போனால் சிவப்பு, கடும் ஊட்டச்சத்துக் குறைவு. நிறத்தைத் தாயிடமே காட்டிப் பேசினார். அவர்கள் பேசும் லுகாண்டா மொழி தெரியாத நான் அந்தத் தாயிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்க முடியாது.

உங்கள் கை அங்கே உதவுவது வேறு இடத்தில். கிட்டும் மாத்திரையும் தீர்ந்துவிட்டால் வி.எச்.டி. வெறுங்கையோடு நிற்க வேண்டியதுதான். இருப்புக் கணக்கு, பதிவேடு, தடுப்பூசி தவறிய பிள்ளைகளின் பட்டியல் இவற்றை ஒழுங்குபடுத்திக் கொடுத்தால் அது பெரிய உதவி. முடிந்தால் ஆறு மாதமாவது இருங்கள். "வசுஸே ஓட்யா", அதாவது இரவு எப்படிக் கழிந்தது என்று காலையில் விசாரிக்காமல் அங்கே பேச்சே தொடங்காது. அதைப் பழகவே சில வாரம் பிடிக்கும்.

எந்த அமைப்பானாலும் இதைக் கேளுங்கள்: மாவட்ட சுகாதார அலுவலகத்துக்கு என் வருகை தெரியுமா? எந்த அனுமதியில் வருகிறேன், சுற்றுலா விசாவிலா? என் பணம் எங்கே போகிறது? நான் கிளம்பியபின் இந்த வேலையை யார் தொடர்வார்? மழுப்பினால் விட்டுவிடுங்கள்.

சரி, உங்கள் உடம்பு. மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிச் சான்று இல்லாமல் உகாண்டாவுக்குள் போக முடியாது. இந்தியா திரும்பும்போதும் கேட்பார்கள். சென்னையில் கிண்டி கிங் நிலையத்தில் போடுகிறார்கள். சான்று பத்து நாள் கழித்தே செல்லுபடியாகும், கடைசி வாரத்துக்குத் தள்ளாதீர்கள். மலேரியா தடுப்பு மாத்திரையை மருத்துவரிடம் கேட்டுத் தொடங்குங்கள். டாக்ஸிசைக்ளின் என்றால் திரும்பி வந்தும் நான்கு வாரம் விழுங்க வேண்டும். பலர் விமான நிலையத்தோடு நிறுத்திவிடுகிறார்கள். விக்டோரியா ஏரியில் இறங்காதீர்கள், நத்தைவழிப் புழுநோய் தொற்றும். ஊர் திரும்பிய சில மாதங்களுக்குள் காய்ச்சல் வந்தால், உகாண்டா போய் வந்ததை மருத்துவரிடம் முதல் வார்த்தையாகச் சொல்லி, அன்றே மலேரியா ரத்தப் பரிசோதனை எடுங்கள்.