பருமனான நாயகிக்கும் ஒரு காதல் கதை: கேள்வி பதில்

இளையோருக்கான காதல் கதை எழுதும் மலேசியத் தோழர்கள், கோலாலம்பூர், கிள்ளான், பினாங்கிலிருந்து அனுப்பிய கேள்விகளுக்கு என் பதில்கள்.

செந்தூலிலிருந்து: என் நாயகி பருமனானவள். கதை முடிவதற்குள் அவளை இளைக்க வைக்கலாமா, அக்கா?

வேண்டாம், தங்கை. இளைத்த பிறகுதான் காதல் என்றால், அதே உடல்வாகுடன் கதையைப் படிக்கும் பெண்ணிடம் உன் முறை இன்னும் வரவில்லை என்று சொன்னதாகிவிடும். அவளைச் சகித்துக்கொள்பவனாக நாயகனை எழுதாதீர்கள். அவள் சிரித்தால் பேச வந்ததை மறந்து நிற்பவனாக எழுதுங்கள்.

ஆயர் ஈத்தாமிலிருந்து: அவளைக் கேலி செய்யப் பள்ளியில் ஒரு வில்லி வேண்டுமா?

எதற்கு? நம் வீடுகளே போதும். கல்யாண வீட்டில் ஒரு பெரியம்மா, "என்னடி இப்படிப் பெருத்துவிட்டாய்?" என்பார், அடுத்த நிமிடமே அவள் இலையில் இன்னொரு வடையை வைப்பார். இரண்டுமே பாசம் என்றுதான் அவர் நம்புகிறார். அந்தச் சிக்கலை எழுதுங்கள்.

தையல் கடையையும் விடாதீர்கள். தீபாவளிக்கு முந்தைய வாரம், பிரிக்ஃபீல்ட்ஸ். புஜத்தைச் சுற்றி அளவு நாடா. தையல்காரம்மா எண்ணை உரக்கச் சொல்கிறார், உதவிக்கு இருக்கும் பெண் ரசீதில் எழுதுகிறாள், பின்னால் காத்திருப்பவர்கள் காதில் எல்லாம் விழுகிறது. "உள்ளே துணி விட்டுத் தைக்கிறேன், பிறகு பிரித்துக்கொள்ளலாம்" என்கிறார். முதல் முறை நாயகி தலை குனியட்டும். பிற்பகுதியில், "கை இறுக்கமாக வேண்டாம், நான் ஆட வேண்டும்" என்று அவளே சொல்லட்டும். எடை குறைவதைவிட இந்த மாற்றம்தான் எனக்குப் பெரிது.

பிரிக்ஃபீல்ட்ஸிலிருந்து: நம் மரபே மெல்லிடையைத்தானே பாடுகிறது?

பாடுகிறது, மறைக்க வேண்டாம். ஆனால் மூங்கில் போல் பணைத்த தோளையும் அதே மரபு பாடுகிறது. அகப்பாடல்களில் தலைவன் பிரிந்தால் தலைவி மெலிவாள், வளை கழன்று விழும். அங்கே மெலிவு அழகில்லை, துயரம். திருக்குறளின் 124ஆம் அதிகாரமான 'உறுப்புநலன் அழிதல்' பகுதியிலும் தோள் மெலிவதும் வளை கழல்வதும் வருகின்றன. உங்கள் நாயகி தமிழ் வகுப்பில் இதைப் படித்துவிட்டுத் தன் கையில் இறுகி நிற்கும் வளையலைப் பார்க்கும் காட்சி ஒன்றை எழுதிப் பாருங்கள்.

பட்டர்வொர்த்திலிருந்து: தைப்பூசத்தை எப்படிக் கதைக்குள் கொண்டுவருவது?

விழாவை விளக்காதீர்கள், பாத்திரங்களுக்கு அங்கே வேலை கொடுங்கள். ரதம் போன பாதையில் உடைந்த தேங்காய்கள் குவிந்து கிடக்கின்றன. அவன் மண்வாரியால் அள்ளுகிறான், அவள் தண்ணீர்ப் பந்தலில் மோர் ஊற்றுகிறாள். பிறகு இருவரும் பினாங்குத் தண்ணீர்மலை முருகன் கோயிலின் 513 படிகளை ஏறட்டும். அங்கே எல்லோருக்கும்தான் மூச்சு வாங்கும். அவளுக்கு மட்டும் வாங்குவதாக எழுதிவிடாதீர்கள்.

பட்டர்வொர்த்திலிருந்தே: நாயகன் சீனப் பையனாக இருக்கலாமா?

தாராளமாக. பினாங்கில் ரதத்தின் முன் சீனர்களும் தேங்காய் உடைப்பதை ஆண்டுதோறும் பார்க்கிறோமே.

கிள்ளானிலிருந்து: அட்டைப்படத்தில் ஓவியர் ஒல்லியான பெண்ணை வரைந்துவிட்டார். பேசாமல் விட்டுவிடவா?

விடாதீர்கள். அந்த அட்டையைப் பார்த்துத்தான் ஒரு பெண் புத்தகத்தைக் கையில் எடுப்பாள். நாயகியின் தோள், கை, கன்னம் பற்றி நீங்கள் எழுதிய பத்திகளை ஓவியருக்கு அனுப்பி மறுபடி வரையச் சொல்லுங்கள். அச்சுக்குப் போகும் முன் உங்கள் கண்ணில் காட்ட வேண்டும் என்பதைப் பதிப்பாளரிடம் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.