விரல் நசுங்கியது ஏன்?

ஐயா, தொட்டிக்கு அடியில் ஒரு குழாய் இணைப்பைக் கழற்றும்போது என் 10 அங்குல வாட்டர் பம்ப் பிளையர் (பிடிக்கும் தாடையை அகட்டவும் குறுக்கவும் முடிகிற குறடு) வழுக்கி, இரண்டு கைப்பிடிகளுக்கும் நடுவே விரல் மாட்டிக்கொண்டது. நகம் கறுத்துவிட்டது. 12 அங்குலமாக வாங்கினால் சரியாகிவிடுமா? நட்டுகளுக்கும் இதையே பயன்படுத்தலாமா? கைப்பிடியில் பிளாஸ்டிக் உறை இருப்பதால் மின்வேலைக்கும் போதுமா?
கு.

அன்புள்ள கு.,

முதலில் விரல். நகத்துக்கடியில் ரத்தம் கட்டி வலி துடித்துக்கொண்டிருந்தால் மருத்துவரிடம் காட்டுங்கள். நீங்களாக ஊசியால் குத்தாதீர்கள்.

இந்தக் கடிதம் வந்த வாரத்தில்தான் என் அப்பாவின் பிளையரைத் துடைத்துக்கொண்டிருந்தேன். அவர் போன பிறகு என் கைக்கு வந்த சில பொருட்களில் அதுவும் ஒன்று. அவர் வேலை செய்யும்போது டார்ச் பிடிப்பது என் பொறுப்பு. பிளையர் நழுவி அவர் விரல் கணுக்கள் சுவரில் இடித்த சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. ஒவ்வொரு முறையும் "மட்டமான பிளையர்" என்பார். நானும் நம்பினேன். மண்ணெண்ணெய் போட்டுத் துடைத்தபோதுதான் பார்த்தேன், தாடையின் அளவை மாற்ற வரிசையாக வெட்டியிருக்கும் பள்ளங்களில், அதாவது காடிகளில், ஒரே ஒன்றின் விளிம்பு மட்டும் மழுங்கிப்போயிருந்தது. மற்றவை புதிதுபோல இருந்தன. எல்லா அளவுக்கும் அந்த ஒரே காடியில் வைத்து, அதற்குள் இறங்க வேண்டிய மேடான நாக்கு பாதி உட்கார்ந்ததும் அழுத்தியிருக்கிறார்.

இந்த நாக்கும் காடியும் அழகுக்காக வைத்ததல்ல. 1933இல் சாம்பியன் டிஆர்மென்ட் என்ற அமெரிக்க நிறுவனத்தின் பொறியாளர் ஹோவர்ட் மேனிங் உருவாக்கிய அமைப்பு அது. நாக்கு காடிக்குள் முழுதாக இறங்கினால் சுமையை அந்த எஃகு விளிம்பு தாங்கும். பாதியில் நின்றால் விளிம்பின் நுனி மட்டும் தாங்கும், ஒரு கட்டத்தில் அடுத்த காடிக்குத் தாவும். தாவிய அந்த நொடியில் கைப்பிடிகள் இரண்டும் படாரென்று மூடும். உங்கள் விரல் அப்போது அங்கே இருந்தது, அவ்வளவுதான்.

அதனால் 12 அங்குலம் வேண்டாம். நீங்கள் செய்த தவறு என்னவென்று தெரியாமல் அதற்கு இன்னும் நீளமான நெம்புகோல் கேட்கிறீர்கள், எனக்குக் கோபம் வருகிறது! அளவை மாற்ற ஒரு நொடி போதும். கைப்பிடிகளை நன்றாக விரித்து, தாடையை நகர்த்தி, நாக்கு இறங்கியதைக் கண்ணால் பாருங்கள். பிறகு பிடித்துப் பாருங்கள். கைப்பிடிகள் ஒன்றையொன்று தொடும் அளவுக்கு நெருங்கினால் தாடையை ஒரு காடி குறுக்குங்கள். கை முழுவதையும் விரித்துத்தான் பிடிக்க முடிகிறதென்றால் ஒரு காடி அகட்டுங்கள். இதை ஒவ்வொரு குழாய்க்கும் செய்ய வேண்டும். நேற்று வைத்த காடி இன்றைக்குச் சரி என்று நினைக்கவே கூடாது.

அப்புறம் திசை. ஒரு பக்கம் திருப்பினால் தாடைகள் தாமாக இறுகும், மறுபக்கம் விரியப் பார்க்கும். லேசாகத் திருப்பிப் பாருங்கள், விரிந்தால் பிளையரைக் கவிழ்த்துப் பிடியுங்கள். உங்களை நோக்கி இழுங்கள். தள்ளித்தான் ஆக வேண்டிய இடத்தில் விரல்களை மடக்காமல் உள்ளங்கையால் தள்ளுங்கள்.

நட்டுக்கு ஸ்பேனர் இருக்கிறது. பிளையரின் பற்கள் அதன் ஆறு முனைகளையும் தின்றுவிடும். மின்வேலைக்குக் கூடாது. அந்த உறை பிடிமானத்துக்கானது. மின்வேலைக்கான கருவியில் இரட்டை முக்கோணமும் 1000 வோல்ட் என்ற குறியும் இருக்கும். அது கையில் இருந்தாலும் மெயினை அணைத்துவிட்டுத்தான் தொட வேண்டும்.

அப்பாவின் பிளையரை இனி வேலைக்கு எடுக்கமாட்டேன், மழுங்கிய காடி நம்பத்தக்கதல்ல. மூட்டில் ஒரு சொட்டு எண்ணெய் விட்டு மேசைமேல் வைத்திருக்கிறேன். உங்களுடையதை வெளிச்சத்தில் சாய்த்துக் காடிகளைப் பாருங்கள். எந்தக் காடி தேய்ந்திருக்கிறது என்று எனக்கு எழுதுங்கள்.